மல்லனின் மச்சினன்

“அந்தம்மா எங்களைப் பேசவே விடல. வந்தாங்க, அவங்களே கேட்டாங்க, அவங்களே பதில் சொன்னாங்க, கை தட்டச் சொன்னாங்க, ஜீப் ஏறிப் போயிட்டாங்க.”

இதை யார் சொன்னது தெரியுமா? உன் பெரியம்மா மாதி. யாரிடம்? என்னைப் பயிற்சிக்கு அழைத்துப் போன அறக்கட்டளையின் பெரிய சாரிடம். எங்கே வைத்து? ரெண்டாவது தடவை ஊருக்குப் போனபோது, என் மூக்குக்கு நேரே வைத்து. நான் அங்கேதான் நிற்கிறேன், கையில் மைக்கோடு. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை குறுக்கே சொல்லலாம் என்று வாயைத் திறந்தால், “பாருங்க சார், இப்பவும் ஆரம்பிக்கிறாங்க” என்கிறாள். சொல்லு தம்பி, பேச விடாதது யார்?

உட்காரு, உட்காரு. டீ சொல்லியிருக்கிறேன். உங்கள் மில் வாசலில் இருக்கிற செக்யூரிட்டி என்னைப் பிள்ளை பிடிக்க வந்தவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். “சிவராஜைப் பார்க்கணும், கோத்தகிரிக்குக் கீழே கீழ்க்கொம்பை, குறும்பர் வீட்டுப் பையன்” என்று முழு ஜாதகத்தையும் ஒப்பித்த பிறகுதான் உன்னை இந்த டீக்கடை வரைக்கும் விட்டார். என்னை உனக்குத் தெரியாது. நான் ஃப்ளோரா. கோத்தகிரியில் வீடு. வீட்டுக்காரர் டீ ஃபாக்டரியில் வேலை செய்கிறார், நான் வீட்டில் சும்மா இருக்கிறேன் என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அந்தச் சும்மாவை ஒரு நாள் அவர் செய்து பார்க்கட்டும். போகட்டும். நீ ஊரை விட்டு இங்கே வந்த பிறகு நடந்த கதை இது. அதனால் குறுக்கே பேசாமல் கேள். எனக்கு நாலே கால் பஸ்.

உயிர்காப்புப் பயிற்சி என்று அதற்குப் பெயர். உங்கள் மலைச்சரிவில் இந்த ரெண்டு மூன்று வருஷத்தில் எத்தனை இளவட்டப் பிள்ளைகள் தங்கள் உயிரைத் தாங்களே முடித்துக்கொண்டார்கள் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதைத் தடுக்கத்தான் பயிற்சி. மனசு உடைந்து நிற்கிறவனை எப்படி அடையாளம் காண்பது, எப்படிக் கேட்பது, யாரைக் காவல் வைப்பது, எல்லாம் பெங்களூரிலிருந்து ஒரு பெட்டி நிறைய வந்தது. வந்தது முழுக்க இங்கிலீஷ். அதைத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும். எங்கள் சர்ச் ஃபாதரிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் யோசிக்காமல் என் பெயரைச் சொல்லிவிட்டார். ஏன் சொல்ல மாட்டார்? ஊட்டி கான்வென்ட்டில் சிஸ்டர் பெனிக்னா முன்னால் தும்முவதற்குக்கூட இங்கிலீஷில் அனுமதி கேட்டு வளர்ந்தவள் நான்.

முதல் படத்திலேயே தகராறு. படத்தில் ஒரு மனுஷன் கடற்கரை பெஞ்சில் தனியாக உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். “இவர் எப்படி இருக்கிறார்?” என்று கேட்டேன். துக்கமாக இருக்கிறார் என்று சொல்ல வேண்டும். உன் பெரியம்மா வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, “சந்தோசமா இருக்கான்” என்கிறாள்.

“தனியாக இருக்கிறார் பாருங்கள்.”

“அதான் சந்தோசம். கடல் பாக்கப் போயிருக்கான். பொண்டாட்டி புள்ளைங்க தொல்லை இல்ல. என்னையும் யாராச்சும் கூட்டிட்டுப் போனா நானும் இப்படித்தான் உக்காருவேன்.”

சிரிப்பு. ஊரே சிரிக்கிறது. தற்கொலைத் தடுப்புப் பயிற்சியில் அப்படி ஒரு சிரிப்பை நான் எதிர்பார்க்கவில்லை. “துக்கமாக இருக்கிறார்” என்று நானே சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனேன். இதைத்தான் அவள் ‘அவங்களே பதில் சொன்னாங்க’ என்று போட்டுக் கொடுத்திருக்கிறாள். சரியான பதிலை நான் சொல்லாமல் பின்னே யார் சொல்வது?

அடுத்தது, துயரத்தில் இருப்பவரைத் தனி அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகப் பேச வேண்டும். அதற்கும் உன் பெரியம்மா கையைத் தூக்குகிறாள். “எங்க ஊர்ல கதவச் சாத்திட்டுப் பேசினா உள்ள சண்டைன்னு அர்த்தம். நாலு பேர் வந்து தட்டுவாங்க.” தட்டினால் திறக்காதீர்கள் என்றேன். “திறக்கலைன்னா கதவை ஒடைப்பாங்க” என்கிறாள். கதவு உடைந்தால் அறக்கட்டளை பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டேன். பெரிய சார் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அப்புறம் அந்தக் கேள்வி. நேராகக் கேட்க வேண்டும், சுற்றி வளைக்கக் கூடாது. அது நல்ல விஷயம்தான், கேட்பதால் யாருக்கும் புதிதாக அந்த எண்ணம் வந்துவிடாது என்று டாக்டர்களே சொல்கிறார்கள். நான் அழகான தமிழில் தயார் செய்து வைத்திருந்தேன். “தங்களுக்கு உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஏற்பட்டுள்ளதா?” எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கள் என்றேன். சொன்னார்கள், பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி சொல்கிற மாதிரி. உன் பெரியம்மா மட்டும் வாயைத் திறக்கவில்லை. கேட்டால், “இப்படிக் கேட்டா ஃபாரஸ்ட்காரர் வந்து கேஸ் எழுதற மாதிரி இருக்கு” என்கிறாள்.

நீ சிரிக்கிறாயா? இல்லை. சரி.

இப்போது மல்லன் விஷயத்துக்கு வருகிறேன். அதற்குத்தானே வந்தேன்.

கடைசி வரிசையில் ஒருவன் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தான். படத்தையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபோது அவன் எழுந்திருக்கவேயில்லை. விசாரித்தேன். பெண்டாட்டி பிரசவத்தில் போய்விட்டாள், குழந்தை மாதி வீட்டில் வளர்கிறது, இவன் அதன் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை என்றார்கள். தேன் எடுக்கிற கத்தியைச் சித்தப்பா மகனுக்குக் கொடுத்துவிட்டானாம். கம்பளியை யாருக்கோ கொடுத்தானாம். நாயைக்கூட அவிழ்த்து இன்னொரு வீட்டில் கட்டிவிட்டு வந்தானாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் படத்தில் அப்படியே இருக்கிறது. யாரோடும் பேசாமல் இருப்பது, சாப்பாடு இறங்காமல் இருப்பது, தூக்கம் போவது, ஆசையாக வைத்திருந்ததை எல்லாம் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவது. நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். பெரிய சாரிடம் சொன்னேன். அவர் ஊர்க்காரர்களிடம் சொன்னார். அவர்கள் “ஆமாம்” என்றார்கள். ஆச்சரியமே படவில்லை. தெரியுமாம். தெரிந்தால் முதலிலேயே சொல்வதற்கென்ன?

டீ வந்துவிட்டது பார், எடுத்துக்கொள். சர்க்கரை கம்மி என்றால் சொல்.

உடனே மல்லனுக்கு ஒரு காவலர் வைத்தாக வேண்டும். விதி என்ன சொல்கிறது? நெருங்கிய ரத்த உறவு, வயதில் மூத்தவர், ஒரே வீட்டில் இருப்பவர். மூன்றும் பொருந்துகிற ஆள் அவன் அண்ணன் லிங்கன். தங்கமான மனுஷன், சாராயம் கிடையாது, சத்தம் கிடையாது. நான் அவரை முன்னால் அழைத்து, ‘உயிர்க் காவலர்’ என்று எழுதின பேட்ஜைச் சட்டையில் குத்தி, “இன்றிலிருந்து மல்லனின் உயிர் இவர் பொறுப்பில்” என்று மைக்கில் சொல்லி, எல்லாரும் கை தட்டுங்கள் என்றேன்.

ஒருவர்கூடத் தட்டவில்லை.

அவ்வளவு உருகிப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நான் நினைத்தேன். லிங்கன் முகம் கறுத்துப்போயிற்று. அதையும் நான் பொறுப்புணர்ச்சி என்றுதான் நினைத்தேன். அவர் நேராக வெளியே போய்ப் பேட்ஜைக் கழற்றிப் பலாமரத்தில் குத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மல்லன் அண்ணன் வீட்டில் இருந்தவன், அன்றைக்கே பாயைச் சுருட்டிக்கொண்டு மாந்தோப்புக் காவல் குடிசைக்குப் போய்விட்டான்.

உன் பெரியம்மா என்னிடம் வந்தாள். வந்தாளா, பாய்ந்தாள். “அண்ணனைப் போயி காவல் வெச்சீங்களே, எங்க ஊர்ல எவனாச்சும் தேனுக்கு அண்ணனைக் கூட்டிட்டுப் போவானா?”

“தேனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், மாதி?”

“பாறையில கொடியேணி கட்டி ஒருத்தன் எறங்கினா, மேல யாரு உக்காருவா?”

எனக்கெப்படித் தெரியும்? எங்கள் வீட்டில் தேன் பாட்டிலில்தான் வருகிறது.

உனக்குத் தெரிந்ததை உனக்கே சொல்கிறேன் என்று நினைக்காதே, நான் புரிந்துகொண்டது சரியா என்று பார்த்துக்கொள். மேலே ஏணிக்குக் காவல் உட்காருகிறவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும். மச்சினன். அண்ணன் தம்பி உட்காரக் கூடாது. ஏனென்றால் அண்ணன் தம்பிக்குள் ஆயிரம் இருக்கும், நிலம் இருக்கும், வீடு இருக்கும். மச்சினனுக்கு அப்படி எதுவும் இல்லை. கீழே தொங்குகிறவன் செத்தால் விதவையாகிறவள் மச்சினனுடைய அக்கா. “அக்காளை அப்படி நிக்க வைக்க எந்தத் தம்பி விடுவான்?” என்றாள் மாதி. இதில் லிங்கன் மேல் யாருக்கும் சந்தேகம் கிடையாதாம். ஆனால் ஊர் முன்னால் அண்ணனைக் காவல் வைத்தால், மல்லன் செத்தாலும் பரவாயில்லை என்று சொல்கிற மாதிரியாம். அதுவும் மைக்கில்.

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். “எங்க விட்டீங்க?” என்றாள்.

இன்னொன்றும் சொன்னாள். அண்ணனிடம் மனசுக் கஷ்டத்தைச் சொல்ல முடியாதாம், மரியாதை. மச்சினனிடம் எதையும் சொல்லலாம். திட்டலாம், கிண்டல் பண்ணலாம், அழலாம், அவனும் திருப்பித் திட்டலாம். அதுதான் முறையாம். நல்ல முறை. எங்கள் வீட்டில் என் தம்பியையும் என் வீட்டுக்காரரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக உட்கார வைத்தால் கேரம்போர்டு மிஞ்சாது. அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து என் சமையலைக் குறை சொல்வார்கள். அதைப் பற்றி இன்னொரு நாள்.

“சரி, மல்லனோட மச்சினனைக் கூப்பிடு, பேட்ஜை அவனுக்குக் குத்துகிறேன்” என்றேன். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அப்போதுதான் உன் பெயரே எனக்குத் தெரிய வந்தது.

அப்புறம்தான் மாதி அந்த நாளைப் பற்றிச் சொன்னாள். மல்லன் பாறையில் இறங்கியிருக்கிறான், நீ மேலே காவல். ஊரிலிருந்து ஆள் ஓடி வந்து, உன் அக்கா ஜானகிக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை, உடனே வா என்கிறான். நீ நகரவில்லை. அக்காவுக்கு அப்படி இருக்கும்போது நீ ஏணியை விட்டு நகரவில்லை. மல்லன் ஏறி வருகிற வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு, ரெண்டு பேரும் ஓடிப் போனால், ஜீப் அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டிருக்கிறது. நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. காரியம் முடிந்த அன்றைக்கே நீ மில் வேனில் ஏறிவிட்டாய். யாரோடும் பேசவில்லை. மல்லனோடும் பேசவில்லை.

உனக்கு அவன் மேல் கோபம். இருக்கும். அவன் தேனுக்குப் போகாமல் வீட்டில் இருந்திருந்தால் என்று தோன்றும். எனக்குப் புரிகிறது, நான் பயிற்சி எடுத்தவள். ஆனால் ஒன்று. எங்கள் தெருவில்தான் அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் இருக்கிறாள், எஸ்தர் என்று. காய்கறிக்காரனிடம் நிற்கும்போது கேட்டேன். நீ அந்த நிமிஷமே ஓடியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காதாம். ஜானகியை ஜீப்பில் ஏற்றும்போதே கை மீறிப் போயிருந்ததாம். நீ அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று சொன்னாள். அப்புறம் பீன்ஸ் என்ன விலை என்று பேச்சு மாறிவிட்டது.

ஐயோ, டீ கொட்டிவிட்டதா? பரவாயில்லை, பரவாயில்லை. கை சுடவில்லையே? அந்தத் துணியை எடு. அண்ணே, இன்னொரு டீ. நைட் ஷிஃப்ட்டா? கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது. மில்லில் சாப்பாடு சரியில்லை போலிருக்கிறது, கழுத்து எலும்பு தெரிகிறது. உங்கள் ஆஸ்டலில் ஒருவரைப் பார்த்தேன், உன் அறைக்காரராம். உன் நம்பருக்கு அடித்தால் அவர்தான் எடுக்கிறார். போனையே அவருக்குக் கொடுத்துவிட்டாயாமே. புதுப் போர்வையையும் கொடுத்தாயாம். “யார்கிட்டயும் பேச மாட்டான், ஆனா எல்லாத்தையும் கொடுத்துடறான் மேடம்” என்று புகழ்கிறார். நல்ல மனசு. இந்தக் காலத்தில் யார் கொடுக்கிறார்கள்.

எங்கே விட்டேன்? மல்லன்.

மூன்றாவது முறை ஜீப் போனபோது என்னை ஏற்றவில்லை. “ஃப்ளோரா மேடம், இனிமே ஊர்க்காரங்களே அவங்க முறைப்படி நடத்தட்டும்” என்று பெரிய சார் ரொம்ப மரியாதையாகச் சொன்னார். மரியாதையாகச் சொன்னால் கோபப்பட முடியாது, அதுதான் எனக்குப் பிடிக்காதது. நான் என் செலவில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். பார்த்தால், பெட்டியைத் திறக்கவேயில்லை. அந்தக் கடற்கரைப் படத்தை மட்டும் மாதி தன் வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறாள், அவளுக்குப் பிடித்துவிட்டதாம். பேட்ஜும் அவளிடம்தான். மரத்திலிருந்து எடுத்து ஜாக்கெட்டில் குத்திக்கொண்டிருக்கிறாள்.

பயிற்சி என்று சொல்லிக்கொண்டு என்ன செய்கிறார்கள் தெரியுமா? வெட்டவெளியில் உட்கார்ந்து சமைக்கிறார்கள். எந்த வீட்டில் ஒருவன் சாப்பிடாமல் இருக்கிறானோ அந்த வீட்டு வாசலில் அடுப்பு மூட்டுகிறார்கள். மாந்தோப்புக் குடிசை முன்னால் தினமும் யாராவது சோறு வடிக்கிறார்கள். யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ஒருவர் குழல் ஊதுகிறார், ஒருவர் பறை தட்டுகிறார், ரெண்டு பேர் தரையில் கோடு போட்டு விளையாடுகிறார்கள். குழந்தையைக் கொண்டுவந்து நடுவில் படுக்க வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். குழந்தைக்கு உன் காது, ஒட்டுக் காது. மூக்கு யாருடையது என்று தெரியவில்லை.

எந்தப் புத்தகத்தில் இருக்கிறது இந்த முறை? ஆனாலும் பொய் சொல்லக் கூடாது. மல்லன் இப்போது அரைத் தட்டு சாப்பிடுகிறான். டவுனிலிருந்து ஒரு டாக்டர் வந்தபோது ஓடிப்போகாமல் உட்கார்ந்திருந்தானாம், அதுவும் மாதி பக்கத்தில் உட்கார்ந்ததால். மாத்திரை கொடுத்திருக்கிறார். ஆனால் பேச்சு மட்டும் இல்லை. தினமும் தேன்பாறைக்கு மேலே, நீ உட்காருகிற அதே இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறான். தூரத்தில் ரெண்டு பேர் மாற்றி மாற்றிக் காவல் இருக்கிறார்கள். எத்தனை நாளைக்கு இருப்பார்கள்? மழை வரப்போகிறது, மிளகு வேலை இருக்கிறது.

ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தானாம். மாதி சொன்னாள். “சிவராஜு என்னை விட்டுட்டு ஓடியிருக்கலாம். ஓடியிருந்தா அவளாச்சும் இருந்திருப்பா.” அவ்வளவுதான் சொன்னான். ஊரே சேர்ந்து இல்லை இல்லை என்று சொல்லிப் பார்த்தது. அவன் காதில் ஏறவில்லை. எங்கள் சார் சொல்லிப் பார்த்தார். நான்கூடச் சொன்னேன், நர்ஸ் சொன்னதைச் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

அதற்கப்புறம் உன் பெரியம்மா என் வீட்டுக்கு வந்தாள். ஆமாம், கோத்தகிரிக்கு. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, சோஃபாவில் உட்கார்ந்து, என் ஷோகேஸைச் சுற்றிப் பார்த்துவிட்டு, காபி வாங்கிக் குடித்துவிட்டு, “உங்களுக்கு வாய் இருக்குல்ல, அதுக்கு ஒரு வேலை கொடுக்கறேன்” என்றாள். லிங்கன் இந்த மில்லுக்கு ரெண்டு தடவை வந்து கேட்டைத் தாண்ட முடியாமல் திரும்பிப் போயிருக்கிறாராம். “உங்களை எந்தக் கேட்டும் நிறுத்தாது” என்றாள். அது பாராட்டா, வேறென்னவோவா என்று நான் பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

பெண் செத்துப் போனாளே, இன்னும் சிவராஜ் மச்சினன் கணக்கா என்று கேட்டேன். எங்கள் பக்கம் அப்படித்தான் கேட்பார்கள். “பொண்ணு போனா மச்சினன் போயிருவானா?” என்று என்மேல் எரிந்து விழுந்தாள். அப்புறம், உன்னிடம் சொல்லச் சொல்லி ஒன்று சொன்னாள். எனக்கு அது பாதிதான் விளங்கியது. அவள் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன்.

“மல்லன் இன்னும் ஏறி வரலைன்னு சொல்லுங்க. ஏறி வர்றதுக்கு முன்னால மேல இருக்கறவன் எந்திரிச்சுப் போகக் கூடாதுன்னு சொல்லுங்க.”

இவ்வளவுதான். அட்வைஸ் பண்ணக் கூடாது, இதை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும் என்றும் சொன்னாள். அது என் சுபாவம் இல்லை, உனக்கே தெரிந்திருக்கும்.

நீ அங்கே வந்து பெரிதாக ஒன்றும் பேச வேண்டாம். மருந்து எல்லாம் டாக்டர் பார்த்துக்கொள்வார், சோறு அவர்கள் வடித்துக்கொள்வார்கள். திட்டுவதானால் திட்டு. ‘ஏண்டா மாமா, உன்னால நான் என் அக்காவைப் பார்க்கலைடா’ என்று கத்துவதானால் கத்து. அவனும் கத்தட்டும். யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டார்கள், பாறையில் கதவே இல்லை. மில்லில் லீவு தர மாட்டேன் என்றால் அந்த மேனேஜரிடம் நான் பேசுகிறேன். இங்கிலீஷிலேயே பேசுகிறேன்.

அதோ, என் பஸ் போகிறது. போகட்டும், அடுத்தது ஐந்தரைக்கு இருக்கிறது. அதுவும் போனால் அதற்கடுத்தது. வீட்டுக்காரர் ஒரு நாள் தானே சோறு வைத்துக்கொள்ளட்டும்.

என்ன தம்பி, தலையைக் குனிந்துகொண்டாய்? என்னைப் பார்க்க வேண்டாம், ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொல். ரெண்டு டிக்கெட்டாக எடுக்கிறேன். என்னோடு கிளம்பி வா. வந்து அவன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காரு.

வருகிறாயா, சிவராஜ்?